துரு பிடிக்கும் நஞ்சு

இந்த அத்தியாயத்தை எழுத உட்காருவதற்கு முன் சமையலறை மேடையில் ஒரு சிறிய சோதனை செய்து பார்த்தேன். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் சம அளவு தண்ணீர் எடுத்து, இரண்டிலும் மும்மூன்று சொட்டு நீல மை விட்டேன். முதல் டம்ளரில் கொட்டாங்கச்சியைச் சுட்டு இடித்த கரித்தூள் இரண்டு ஸ்பூன். இரண்டாவதில், மீன் தொட்டிக்குப் போடுவதற்காகக் கடையில் விற்கிற ஆக்டிவேட்டட் கார்பனை அதே பதத்துக்குப் பொடித்து, அதுவும் இரண்டு ஸ்பூன். அவ்வப்போது கலக்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வடிதாளில் வடிகட்டினேன். முதல் டம்ளரில் வெளிறிய நீலம் தங்கியிருந்தது. இரண்டாவது டம்ளர் தண்ணீர் அப்போதுதான் பிடித்துவைத்ததுபோல் தெளிந்திருந்தது.

அதோடு விட மனம் வரவில்லை. இரண்டாவது டம்ளரின் வடிதாளில் தங்கிய கரியைச் சுரண்டி மறுபடி டம்ளரில் போட்டு, புதிதாகத் தண்ணீரும் மையும் விட்டேன். தெளிந்தது. மறுபடியும் விட்டேன், தெளிந்தது. மையைக் கூட்டிக்கொண்டே போனதில் ஒரு கட்டத்துக்குப் பிறகு எவ்வளவு நேரம் கலக்கினாலும் நீலம் போகவில்லை. கரியை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். முதலில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது, அதே கறுப்பு, அதே நறநறப்பு. இனி அதனால் ஆகாது என்பதைத் தண்ணீரின் நிறம்தான் எனக்குச் சொன்னது. நிறமும் மணமும் சுவையும் இல்லாத ஒன்று அந்த டம்ளரில் கரைந்திருந்தால் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? வங்காளத்தின் கிராமங்களில் பல லட்சம் குடும்பங்களுக்கு இது அன்றாடக் கேள்வி. அங்கே போவதற்கு முன், டம்ளருக்குள் நடந்ததைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

கரி மையை எரிக்கவில்லை, உடைக்கவில்லை, வேறொரு பொருளாக மாற்றவும் இல்லை. தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டது, அவ்வளவுதான். பள்ளிப் புத்தகம் இதைப் பரப்புக் கவர்ச்சி என்கிறது. பஞ்சு தண்ணீரை உறிஞ்சும்போது தண்ணீர் பஞ்சின் உடம்புக்குள்ளேயே போய்விடும். பரப்புக் கவர்ச்சியில் வந்த பொருள் உள்ளே போவதில்லை, மேற்பரப்பில் ஒட்டி நிற்கிறது. சுவரில் பல்லி நிற்கிறதே, அதுபோல. இதை உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. பல்லியின் பாதத்தில் உள்ள நுண்ணிய மயிர்களைச் சுவரோடு பிணைக்கும் மெல்லிய விசைதான் மையின் மூலக்கூறைக் கரியோடும் பிணைக்கிறது. ஒவ்வொரு பிணைப்பும் மிகப் பலவீனமானது. கோடிக்கணக்கில் சேரும்போது பல்லி விழுவதில்லை, மை நழுவுவதில்லை.

ஆகவே இந்த விளையாட்டில் எடையைவிடப் பரப்புக்குத்தான் மதிப்பு. ஒரு கிராம் நல்ல ஆக்டிவேட்டட் கார்பனில் ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் பரப்பு இருக்கிறது. நிலக் கணக்கில் சொன்னால் 25 சென்ட், கால் ஏக்கர். ஒரு சிட்டிகைக் கரிக்குள் ஒரு தென்னந்தோப்பு அளவுக்கு இடம் மடிந்து கிடக்கிறது. பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் பயணம் செய்தவர்கள் கொட்டாங்கச்சி சுடும் கரிச்சூளைகளைப் பார்த்திருப்பார்கள். அங்கே கிடைக்கும் சாதாரணக் கரியை உயர்ந்த வெப்பத்தில், சுமார் 900 டிகிரியில், நீராவியோடு வைத்து வாட்டுகிறார்கள். நீராவி கரியின் உடலை அரித்து, கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடித் துளைகளைத் திறந்துவிடுகிறது. என் முதல் டம்ளர் கரிக்கும் இரண்டாவது டம்ளர் கரிக்கும் இருந்த வேறுபாடு இந்தத் துளைகள்தான். தமிழ்நாட்டுக் கொட்டாங்கச்சியும் இலங்கைக் கொட்டாங்கச்சியும் இப்படிப் பதம் பெற்று, உலகெங்கும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கப்பலேறுகின்றன.

கரிக்கு இந்தக் குணம் உண்டு என்பதை 1785இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மருந்து தயாரித்துவந்த டோபியாஸ் லோவிட்ஸ் கண்டறிந்து எழுதினார். டார்டாரிக் அமிலக் கரைசலில் படிந்த பழுப்பு நிறம் கரியோடு சேர்ந்ததும் மறைந்ததை அவர் கவனித்தார். ஆனால் அதன் கணக்கைப் பிடித்தவர் அமெரிக்கரான இர்விங் லாங்மியூர். மின்விளக்குத் தொழிற்கூடத்தில் வேலை பார்த்த வேதியியலாளர். 1918இல் அவர் தந்த விளக்கத்தை நம் ஊர்ப் பந்தியை வைத்தே சொல்லிவிடலாம். பரப்பு என்பது இலை போட்ட பந்தி. இலைகளின் எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுதான், இலைக்கு ஓர் ஆள்தான். சிலர் எழுந்து போவார்கள், சிலர் வந்து உட்காருவார்கள். வாசலில் கூட்டம் குறைவாக இருக்கும்போது வருகிற எல்லோருக்கும் இடம் கிடைக்கும். கூட்டம் ஏற ஏற இலைகள் நிறையும். நிறைந்தபின் வருபவர் வாசலோடு திரும்பவேண்டியதுதான். பரப்புகளைப் பற்றிய ஆய்வுக்காக 1932இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பந்தியை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சத்தைப் புரிந்துகொள்வது சுலபம்.

*

1970களுக்கு முன் வங்கக் கிராமங்கள் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்தன. காலராவும் வயிற்றுப்போக்கும் ஆண்டுதோறும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. அரசும் யுனிசெஃப் அமைப்பும் குழாய்க் கிணறுகளைப் பரப்பின. வண்டல் மண் என்பதால் ஆட்களே நின்று ஒரு நாளில் குழாயை இறக்கிவிடலாம். அடிகுழாயை அடித்தால் குளிர்ந்த, தெளிந்த, கிருமியில்லாத தண்ணீர். மக்கள் அதை மனமார ஏற்றுக்கொண்டார்கள், வசதி உள்ளவர்கள் சொந்தப் பணத்தில் வீட்டுக்கு வீடு போட்டார்கள். பங்களாதேஷ் கிராம மக்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தண்ணீருக்கு மாறினார்கள். அது நல்லெண்ணத்தோடு செய்த வேலை, குழந்தைகளைக் காப்பாற்றிய வேலையும்கூட. அந்த நீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்பது அன்றைய சோதனைப் பட்டியலில் இல்லை.

1983இல் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவரான கே. சி. சாஹாவிடம் கிராமத்து நோயாளிகள் சிலர் வந்தார்கள். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்ததுபோல் கரும்புள்ளிகள். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, காய்ப்புக் காய்த்து, வெடித்திருந்தன. அவர் அதை ஆர்சனிக் நஞ்சு என்று இனம்கண்டு, அது குழாய்க் கிணற்றிலிருந்து வருகிறது என்று காட்டினார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி ஊர் ஊராகப் போய்க் கிணறுகளை அளந்தார், எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே மண்தானே என்று எச்சரித்தார். 1993இல் பங்களாதேஷின் கிணறுகளிலும் அது உறுதியானது. 2000ஆம் ஆண்டில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்மித், ஒரு மக்கள்தொகையே நஞ்சூட்டப்பட்ட நிகழ்வுகளில் வரலாற்றிலேயே மிகப்பெரியது இதுதான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதினார். அன்றைய பங்களாதேஷின் 12.5 கோடி மக்களில் 3.5 கோடி முதல் 7.7 கோடிப் பேர் வரை ஆபத்தில் இருப்பதாக அந்தக் கட்டுரை மதிப்பிட்டது.

ஆர்சனிக் நமக்கு அந்நியமான பெயராகத் தோன்றலாம், பொருள் அப்படியல்ல. சித்த மருத்துவம் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வது இதன் ஆக்சைடு. கூத்துக் கலைஞர்கள் முகத்தில் பூசும் ஒப்பனைக்கு அரிதாரம் என்று பெயர் வந்ததே ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமத்தால்தான். அந்த நஞ்சுகளின் வேகம் வேறு, கிணற்று நீரில் இருக்கும் ஆர்சனிக்கின் நடை வேறு. அது பத்து ஆண்டு, இருபது ஆண்டு பொறுத்திருந்து தோலில் தொடங்கி, நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்றாக வளரும். கையில் காய்ப்பு விழுந்த பெண்களைத் தொழுநோய் என்று நினைத்து ஒதுக்கிய வீடுகள் ஏராளம். கல்யாணம் நின்றுபோன பெண்களின் கதைகளை அந்த ஊர்களில் கணக்கெடுத்து முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 1993இல் வகுத்த வரம்பு, ஒரு லிட்டரில் 10 மைக்ரோகிராம். இந்த அளவைக் கற்பனை செய்ய ஒரு வழி சொல்கிறேன். 25 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் கொண்ட ஒரு சின்னக் குளம். அதில் 10 லட்சம் லிட்டர் பிடிக்கும். அந்தக் குளம் முழுக்கச் சேர்த்து 10 கிராம் ஆர்சனிக், அதாவது இரண்டு டீஸ்பூனுக்கும் குறைவான உப்பின் எடை. அதுதான் வரம்பு. வங்கத்தின் பல கிணறுகளில் இதைப்போல் பத்து மடங்கு, முப்பது மடங்கு இருந்தது. சிலவற்றில் நூறு மடங்கையும் தாண்டியது.

*

எந்த ஆலையும் இதைக் கொட்டவில்லை. இமயமலைப் பாறைகள் உடைந்து, கங்கையும் பிரம்மபுத்திராவும் அந்தத் துகள்களைப் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சுமந்து வந்து கடலோரத்தில் பரப்பின. ஒவ்வொரு மணல்துகளின் மேலும் மெல்லிய துருப் பூச்சு இருந்தது, இரும்பின் ஆக்சைடு. வழியெல்லாம் தண்ணீரில் கரைந்திருந்த ஆர்சனிக்கை அந்தத் துரு பரப்புக் கவர்ச்சியால் பிடித்துவைத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. அந்தப் பந்தியில் ஆர்சனிக் அமைதியாக உட்கார்ந்திருந்தவரை யாருக்கும் கேடில்லை.

பிறகு அந்த மணல் சேற்றுக்கடியில் புதைந்தது. மக்கிய இலைதழை நிறைந்த சேறு. உள்ளே காற்று இல்லை. காற்றில்லாத இடத்தில் வாழும் சில பாக்டீரியாக்கள், நாம் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதுபோல், துருவில் உள்ள இரும்பைப் பயன்படுத்தி மூச்சு விடுகின்றன. அப்படிச் செய்யும்போது துரு கரைகிறது. பந்தியின் இலைகளையே யாரோ உருவிவிட்டால் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன செய்வார்கள்? ஆர்சனிக் தண்ணீருக்குள் இறங்கியது. 1998இல் லண்டன், டாக்கா ஆய்வாளர்கள் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதற்கு வலுச் சேர்த்தன.

நோய்க்குள்ளேயே மருந்தும் இருப்பது இங்கேதான் தெரிகிறது. இரும்பு அதிகமுள்ள போர் தண்ணீரை வாளியில் பிடித்துவைத்தவர்களுக்கு இது தெரியும். பிடிக்கும்போது கண்ணாடிபோல் இருக்கும். மறுநாள் காலையில் மேலே எண்ணெய்ப் படலம்போல் ஒன்று மினுங்கும், அடியில் செம்பழுப்புக் கசடு தங்கியிருக்கும், வாளியில் மஞ்சள் கறை ஏறியிருக்கும். நிலத்துக்கடியில் கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டதும் மறுபடி துருவாகிவிட்டது. அப்படித் துருவாகும்போது பக்கத்தில் ஆர்சனிக் இருந்தால் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அடியில் படிகிறது. பூமிக்குள் கைவிட்ட அதே இரும்பு, வாளிக்குள் மறுபடி கைகொடுக்கிறது.

வியட்நாமின் செந்நதிப் படுகையில் இது தெரியாமலேயே நடந்தது. துணியில் கறை ஏறுகிறது, டீயின் சுவை கெடுகிறது என்று அங்குள்ள குடும்பங்கள் இரும்பை நீக்க வீட்டிலேயே மணல் தொட்டி கட்டிக்கொண்டிருந்தன. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் போய் அளந்தபோது, அந்தத் தொட்டிகள் ஆர்சனிக்கிலும் சராசரியாக 80 சதவீதத்தை நீக்கிவந்தது தெரிந்தது. அதற்கு அங்கே நீரில் இரும்பு தாராளமாக இருந்தது காரணம். வங்கத்தில் பல இடங்களில் இரும்பு அந்த அளவுக்கு இல்லை, பாஸ்பேட்டும் அதிகம். பாஸ்பேட்டும் ஆர்சனிக்கும் உருவத்தில் அண்ணன் தம்பிபோல. பந்தியில் ஆர்சனிக்குக்கு ஒதுக்கிய இலையில் பாஸ்பேட் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். அப்படியானால் வெளியிலிருந்து இரும்பைக் கொண்டுவந்து கூடுதலாக இலை போடவேண்டும்.

‘கரியே போதாதா, அத்தனை பரப்பு இருக்கிறதே’ என்று கேட்கத் தோன்றும். பூச்சிக்கொல்லி, சாயம், கரைப்பான் போன்ற கார்பன் சேர்மங்களுக்குக் கரி நல்ல இடம். ஆர்சனிக்கை அது சரியாகப் பிடிப்பதில்லை. காற்றுப் பட்ட நீரில் ஆர்சனிக் எதிர்மின்னூட்டத்தோடு திரிகிறது. துருவின் மேற்பரப்போ, சாதாரணக் குடிநீரில் பெரும்பாலும் நேர்மின்னூட்டம் கொண்டது. முதலில் மின்கவர்ச்சி இழுக்கிறது, நெருங்கியதும் ஆர்சனிக்கின் ஆக்சிஜன் கைகள் அடுத்தடுத்த இரண்டு இரும்பணுக்களைப் பற்றி வேதிப் பிணைப்பாகவே மாறிவிடுகின்றன. கரியின் பிடி பல்லிப் பிடி என்றால், துருவின் பிடியை உடும்புப் பிடி என்று சொல்லலாம். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ஆழத்திலிருந்து நேராக வரும் நீரில் ஆர்சனிக் பெரும்பாலும் இன்னொரு வடிவில், இணைதிறன் மூன்றோடு, மின்னூட்டமே இல்லாமல் இருக்கும். அது பல வடிகட்டிகளில் நழுவி ஓடிவிடும். முதலில் அதை ஆக்சிஜனேற்றி, மூன்றை ஐந்தாக்கவேண்டும்.

*

வங்காளியில் கல்ஷி என்றால் குடம். மூன்று குடங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் குடத்தில் இரும்புத் துண்டும் மணலும், நடுக்குடத்தில் கரியும் மணலும், கீழ்க்குடத்தில் சேரும் நீர் என்று ஓர் ஏற்பாடு 1990களின் இறுதியில் பங்களாதேஷில் பரவியது. நம் வீடுகளிலும் மணல், கரி, கூழாங்கல் போட்டு இப்படிப் பானை அடுக்கிய காலம் உண்டு. மூன்று குடம் ஆர்சனிக்கை நன்றாகவே பிடித்தது. ஆனால் சில மாதங்களில் இரும்புத் துகள்கள் ஒன்றோடொன்று துருவால் ஒட்டி ஒரே கட்டியாக இறுகிவிடும். தண்ணீர் இறங்காது.

பங்களாதேஷின் குஷ்தியாவைச் சேர்ந்த வேதியியலாளர் அபுல் ஹுஸாம் அந்த இறுகலைத்தான் தீர்த்தார். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். நுண்ணளவு ஆர்சனிக்கை அளப்பதில் தேர்ந்தவர். குஷ்தியாவில் மருத்துவராக இருந்த சகோதரர் முனீரோடு சேர்ந்து பல ஆண்டுகள் முயன்றார். லேத் பட்டறையில் கடைசல் பிடிக்கும்போது உதிர்கிற வார்ப்பிரும்புச் சீவலை எடுத்துப் பதப்படுத்தி, நுண்துளைகள் கொண்ட ஒரு திரட்டாக்கினார். அது இறுகி அடைத்துக்கொள்ளாது, தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு பிளாஸ்டிக் வாளிகள்: மேல் வாளியில் ஆற்று மணலும் இந்த இரும்புத் திரட்டும், கீழ் வாளியில் மணல், மரக்கரி, செங்கல் ஜல்லி. மின்சாரம் தேவையில்லை, மருந்து எதுவும் கலக்கவேண்டியதில்லை. இரும்பு துருப்பிடிக்கிற வினையே ஆர்சனிக்கின் மூன்றை ஐந்தாக்கிவிடுகிறது, அப்படிப் பிறந்த புதுத் துருவே அதைப் பிடித்தும் கொள்கிறது. சோனோ வடிகட்டி என்று பெயர். 2007இல் அமெரிக்க தேசியப் பொறியியல் கழகம் 10 லட்சம் டாலர் கிரேஞ்சர் பரிசை அதற்குக் கொடுத்தது. பணத்தின் பெரும்பகுதியை ஹுஸாம் வடிகட்டி வினியோகத்துக்கே ஒதுக்கினார். பட்டறைத் தரையில் கூட்டித் தள்ளும் சீவலை உயிர் காக்கும் பொருளாகப் பார்த்த அந்தக் கண்ணை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஐஐடி மெட்ராஸில் தலப்பில் பிரதீப்பும் அவர் குழுவினரும் அதே துருவை வேறு பக்கத்திலிருந்து அணுகினார்கள். துருவிலும் பல வகை உண்டு. அப்போதுதான் பிறந்த துரு, அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்படாமல் கலைந்து கிடக்கும், அதனால் பரப்பு மிக அதிகம். கிராமுக்கு 200 சதுர மீட்டருக்கும் மேல், நம் கணக்கில் 5 சென்ட். நாளாக ஆக அது தானே அடுக்கிக்கொண்டு படிகமாகும், பரப்பு சுருங்கும், ஆர்சனிக்குக்கு இடம் குறையும். இளந்துருவை இளமையாகவே நிறுத்திவைக்க முடியுமா? நண்டு, இறால் ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்ற இயற்கைப் பொருளின் இழைகளுக்குள் இந்தத் துருவை வளரவிட்டார்கள். இழைகள் சூழ்ந்து நிற்பதால் துகள்களுக்கு வளரவோ அடுக்கிக்கொள்ளவோ இடமில்லை. அறை வெப்பத்தில், தண்ணீரிலேயே இதைச் செய்யலாம் என்பது கூடுதல் நன்மை. அம்ருத் என்று பெயரிட்ட அந்தப் பொருள் மேற்கு வங்கம் உள்ளிட்ட மாநிலங்களின் கிராமங்களில் சமூக வடிகட்டிகளாக நிறுவப்பட்டது. கடற்கரையில் குப்பையாகக் குவியும் இறால் ஓடு வங்கக் கிராமத்துக் குழாயடிக்குப் போய்ச் சேர்ந்தது இந்த வழியில்தான்.

*

பொருள் நன்றாக இருந்தும் தோற்ற இடங்களைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. மேற்கு வங்கத்தின் தெற்கு 24 பர்கானா மாவட்டத்தில், பாருய்பூர் வட்டாரத்தில், உள்நாட்டு வெளிநாட்டு நிறுவனங்களின் 19 ஆர்சனிக் நீக்கும் அமைப்புகளை அடிகுழாய்களில் பொருத்தினார்கள். சக்ரவர்த்தியின் குழு இரண்டு ஆண்டுகள் விடாமல் போய் அவற்றின் நீரை அளந்தது. 2005இல் வெளிவந்த முடிவு மனதைக் கலக்கியது. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற வரம்புக்குள் தொடர்ந்து நின்றது ஒன்றுகூட இல்லை.

ஏன் என்பதை என் டம்ளர்க் கரி ஏற்கெனவே சொல்லிவிட்டது. பந்தி நிறைந்துவிடும். நிறைந்தது கண்ணுக்குத் தெரியாது. குழாயிலிருந்து முன்போலவே பளிங்குத் தண்ணீர் வரும், வாளியை முன்போலவே வீட்டுக்குத் தூக்கிப்போவார்கள். ஆய்வகத்தில் தூய நீரில் ஆர்சனிக்கைக் கலந்து சோதித்து, இத்தனை ஆயிரம் லிட்டர் தாங்கும் என்று எழுதிவிடலாம். ஊர்த் தண்ணீரில் பாஸ்பேட் இருக்கும், சிலிக்கா இருக்கும். எல்லோரும் இலைக்குப் போட்டியிடுவார்கள். எழுதிய கணக்கு பாதியிலேயே முடியும். படுகையில் இரும்புக் கசடு அடைத்துக்கொண்டால் நாளுக்கு ஒருமுறை பின்னோட்டமாகத் தண்ணீர் விட்டு அலசவேண்டும். அலசுவது யார்? பொருளை மாற்றும் செலவு யாருடையது? இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லாமல் நட்ட குழாய் எதுவானாலும் சீக்கிரத்தில் பழைய குழாயாகிவிடும்.

நிறமில்லாத நஞ்சுக்கு நிறம் கொடுக்கும் வழி ஒன்று உண்டு, அது விலை அதிகமும் இல்லை. சிறு குப்பியில் கிணற்று நீர் எடுத்து, அமிலமும் துத்தநாகத் தூளும் போட்டு மூடுவார்கள். நீரில் உள்ள ஆர்சனிக் வாயுவாக மேலெழும். மூடியின் வாயில் பாதரச புரோமைடு தடவிய ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு இருக்கும். சில நிமிடங்கள் கழித்து அதை உருவிப் பார்த்தால், வெள்ளையாகவே இருக்கலாம், எலுமிச்சை மஞ்சளாக இருக்கலாம், மஞ்சளும் தாண்டிப் பழுப்பாக இருக்கலாம். அதை அட்டையில் அச்சிட்ட நிறவரிசையோடு ஒப்பிட்டு அளவைச் சொல்வார்கள். விரல் நகத்தளவு வட்டம்தான். 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் பங்களாதேஷில் சுமார் 50 லட்சம் கிணறுகளை இப்படிச் சோதித்தார்கள். அன்றைய அந்நாட்டு வரம்பான 50 மைக்ரோகிராமைத் தாண்டிய குழாய்க்குச் சிவப்புப் பெயின்ட், தாண்டாததற்குப் பச்சை. ஏறத்தாழ 14 லட்சம் குழாய்கள் சிவப்பாயின. பல குடும்பங்கள் சிவப்புக் குழாயை விட்டுப் பக்கத்து வீட்டுப் பச்சைக் குழாய்க்குக் குடத்தோடு நடந்தன. எந்த வடிகட்டியும் இல்லாமல், பெயின்ட்டும் ஒரு நடையும் செய்த காப்பு அது.

போர் போடும் உள்ளூர் ஆட்களுக்கு இன்னொரு அடையாளமும் தெரியும். குழாய் இறங்கும்போது வெளியே வரும் மணல் சாம்பல் நிறமாக இருந்தால் அந்த அடுக்கின் துரு கரைந்துவிட்டது, தண்ணீரில் ஆர்சனிக் இருக்க வாய்ப்பு அதிகம். மணல் செம்பழுப்பாக வந்தால் துகள்களின் மேல் துரு இன்னும் இருக்கிறது, அது ஆர்சனிக்கை விடாமல் பிடித்திருக்கிறது என்று பொருள். உள்ளங்கையில் மணலை வைத்துப் பார்த்து எந்த ஆழத்தில் குழாயை நிறுத்துவது என்று அவர்கள் முடிவு செய்வதை ஆய்வாளர்கள் பின்னர் அளந்து சரிபார்த்தார்கள், பெருமளவுக்கு ஒத்துப்போனது. என்னைக் கேட்டால், செம்மணல் அடுக்கோ, நல்ல ஆற்று நீரோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதைத்தான் முதலில் நாடவேண்டும். ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெட்ட தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கலிலிருந்து காவிரியைக் கொண்டுபோனது அந்த வகையில் சரியான முடிவு. அப்படி ஒன்றும் இல்லாத ஊருக்கு வடிகட்டிதான் கதி. அங்கே அதை நன்றாக நடத்தவேண்டும்.

நன்றாக நடத்தியதற்கும் எடுத்துக்காட்டு வங்கத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த அருப் சென்குப்தா, ஷிப்பூரின் வங்கப் பொறியியல் கல்லூரியோடு சேர்ந்து 1997 முதல் வடக்கு 24 பர்கானாவில் ஊர்ப் பொது அடிகுழாய்களின் தலையில் உருளைகளைப் பொருத்தினார். கிரேஞ்சர் போட்டியில் இரண்டாம் பரிசு அவர் குழுவுக்குத்தான். உருளைக்குள் இருந்தது கிளர்வூட்டிய அலுமினா என்ற வெண்மணி, அலுமினியத்தின் ஆக்சைடு. குழாயை அடிக்கிற கையின் விசையிலேயே நீர் ஏறி, வழியில் காற்றுப் பட்டு, அதிலுள்ள இரும்பு துருவாகி ஒரு பங்கு ஆர்சனிக்கைப் பிடிக்க, மீதியை அலுமினா பிடித்தது. ஊரில் ஒரு குழு அமைத்து, வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை வசூலித்து, உருளையைக் கவனிக்க ஓர் ஆளை வைத்தார்கள். தண்ணீரை முறைவைத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அலுமினா நிறைந்ததும் தூக்கி எறியவில்லை. காஸ்டிக் சோடாக் கரைசலால் கழுவினால் அதன் பரப்பு தன் மின்னூட்டத்தை மாற்றிக்கொண்டு ஆர்சனிக்கை விட்டுவிடும், பந்தி காலியாகும். அமிலத்தால் சரிசெய்து அதே அலுமினாவை மறுபடி உருளையில் போட்டார்கள்.

கழுவி வந்த கரைசலில் இப்போது ஒரு கிராமத்தின் பல மாத ஆர்சனிக் முழுவதும் திரண்டிருக்கிறது. பரப்புக் கவர்ச்சி எதையும் அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. இந்த ஒன்றை மறந்து, தீர்ந்த வடிகட்டிப் பொருளைக் குழாயடியிலேயே, சில இடங்களில் குளத்தங்கரையில், கொட்டிய கதைகள் உண்டு. சென்குப்தாவின் குழு அந்தக் கரைசலை இரும்போடு சேர்த்துக் கசடாகப் படியவைத்தது. மீண்டும் துருதான். அந்தக் கசடை ஆழக் குழி வெட்டிப் புதைத்திருந்தால், காற்றில்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் துருவைக் கரைக்க, பல்லாயிரம் ஆண்டுகளாக அந்தப் படுகைக்கு அடியில் நடந்தது சில ஆண்டுகளிலேயே மறுபடி நடந்திருக்கும். அதனால் அவர்கள் புதைக்கவில்லை. செங்கல் கட்டிய தொட்டியில் பருமணலைப் பரப்பி, உள்ளே காற்று போய்வரும்படி விட்டு, கசடை அந்த மணலின் மேல் தங்கவைத்தார்கள். தண்ணீர் மணல் வழியே வடிந்து போகிறது. செம்பழுப்புக் கசடு மேலே காற்றாட உலர்ந்து கிடக்கிறது, ஆர்சனிக்கைப் பிடித்த பிடி விடாமல்.